பையின் எடை

கேமரா வாங்குவதற்கு மாதக்கணக்கில் யோசிப்பவர்கள், அதைச் சுமப்பதற்கான பையைக் கடையைவிட்டுக் கிளம்பும் கடைசி ஐந்து நிமிடத்தில் தேர்ந்தெடுக்கிறார்கள். 2009இல் நிக்கான் டி90 வாங்கியபோது நானும் அதைத்தான் செய்தேன். கனத்த ஸ்பாஞ்சும் எண்ணற்ற அறைகளும் கொண்ட கறுப்புப் பை. கேமரா பத்திரமாக இருக்கும் என்பதற்கு மேல் எதையும் யோசிக்கவில்லை.

வீடு ஆவடியில், வேலை அம்பத்தூர் தொழிற்பேட்டையில். பட்டரவாக்கத்தில் ரயிலைவிட்டு இறங்கி நடக்க வேண்டும். இரண்டு வாரம் சுமந்தேன். பிறகு தோள் வலிக்கு அஞ்சிச் சாப்பாட்டுப் பையோடு மட்டும் போகத் தொடங்கினேன். கேமரா இரண்டு ஆண்டுகள் அலமாரியில் பத்திரமாக இருந்தது.

அந்த இரண்டு ஆண்டுகளும் தினமும் மாலையில் ஒரு காட்சியைக் கண்டேன். ஷிப்ட் முடிந்து, கைப்பிடியில் டிபன் கேரியர் தொங்க, சைக்கிளில் திரும்பும் தொழிலாளர் வரிசை. சைக்கிள் செய்த ஊர் அம்பத்தூர். 1964இல் தொழிற்பேட்டை வந்தது. நாளை எடுத்துக்கொள்ளலாம் என்றிருந்தேன். சைக்கிள்கள் குறைந்து பைக்குகள் பெருகின. லேத் பட்டறைகள் இருந்த சில இடங்களில் கண்ணாடிக் கட்டடங்கள் எழுந்தன. அந்த வரிசையின் படம் ஒன்றுகூட என்னிடம் இல்லை.

ஒருநாள் சமையலறைத் தராசில் எல்லாவற்றையும் நிறுத்துப் பார்த்தேன். பேட்டரியோடு கேமரா 700 கிராம். மூன்று லென்சுகள் 420, 745, 155. ஆக 2,020 கிராம். வெறும் பை 2,100. காக்கப்படும் பொருளைவிடக் காவலாளி கனம்! சாப்பாடு, ஒரு லிட்டர் தண்ணீர், குடை, புத்தகம், சார்ஜர் எல்லாம் சேர்ந்தால் ஏறக்குறைய 7 கிலோ.

ரன்னர் மாற்றப் போன இடத்தில் பை தைக்கும் பெரியவர் அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "உள்ளே என்ன சார் வெச்சிருக்கீங்க?" என்றார். உள்ளே ஒன்றுமில்லை. அன்றே வேறு பை தேட முடிவுசெய்தேன்.

இம்முறை துணியைப் பார்த்தேன். டெனியர் என்பது 9,000 மீட்டர் இழையின் எடை, கிராமில். 1,000 டெனியர் துணி மலையேறுபவருக்கு வேண்டியிருக்கலாம். மின்சார ரயிலுக்கு 420 போதும். சாதாரணத் தோள்பை ஒன்று, 650 கிராம். அதற்குள் கேமரா மட்டும் உட்காரும்படி 250 கிராமில் ஸ்பாஞ்சுப் பெட்டி. பெட்டி முதுகை ஒட்டி இருக்க வேண்டும். எடை முதுகிலிருந்து விலக விலகத் தோளைப் பின்னுக்கு இழுக்கும். கேமரா நிறுவனத்தின் பெயர் வெளியே தெரியாமலிருப்பது கூட்டத்தில் நல்லது.

மெல்லிய பைக்கு மழைதான் எதிரி. தண்ணீர் பெரும்பாலும் ஜிப் வழியாகவும் தையல் துளைகள் வழியாகவும் நுழைகிறது. ஆகவே உறையொன்று எப்போதும் உள்ளே கிடக்கும். நனைந்த பையில் கேமராவை இரவு முழுக்க மூடி வைக்கக் கூடாது. நம் ஊர் ஈரத்தில் லென்சில் பூஞ்சை பிடிக்க அதிக நாளாகாது.

கடினமான தேர்வு பையில் இல்லை, எதை விட்டுச் செல்வது என்பதில்தான் இருந்தது. இரண்டு லென்சுகளும் சார்ஜரும் வீட்டில் தங்கின. தண்ணீர் அரை லிட்டர் ஆனது. மொத்தம் சுமார் 4 கிலோ. நீண்ட லென்சு இல்லாததால் கொரட்டூர் ஏரியின் நாமக்கோழிகள் என் படங்களில் புள்ளிகளாகவே தெரிகின்றன. பரவாயில்லை.

அந்தப் பழைய பை இன்னும் பரண்மேல் இருக்கிறது. சிறு கிழிசல்கூட இல்லை. புதிய பையின் அடிப்பகுதி இருமுறை தேய்ந்து, இருமுறை தைக்கப்பட்டுவிட்டது.