எந்த 1994-க்கு முப்பது வயது?

நவம்பர் முதல் வாரம் கைபேசியைத் திறந்தால் 'நாட்டாமை' படத்துக்கு முப்பது ஆண்டு என்று பதிவுகள் வரிசை கட்டின. ஒன்றரை மாதம் முன்பு இதே போல 'காதலன்' படத்துக்கு. அது 1994 செப்டம்பர் 17-இல் வந்தது, இது அந்த வருடத் தீபாவளிக்கு வந்தது. இரண்டுக்கும் நடுவில் இன்னொரு முப்பதாம் ஆண்டு கடந்து போனது. அக்டோபர் 10.

மாமல்லபுரம் பக்கம் ஒரு காலனியில் நாங்கள் நாலைந்து பேர் மாலைநேரப் படிப்பகம் நடத்துகிறோம். அக்டோபர் முதல் வாரம் பிள்ளைகளுக்கு ஒரு வினாடி வினா வைத்தோம். பேட்டை ராப் எந்தப் படம்? பத்துக் கை உயர்ந்தது. தீர்ப்பை மாற்றச் சொல்லி நாட்டாமையிடம் கத்துகிற காட்சி? சொல்லி முடிப்பதற்குள் ஒரு பையன் நடித்தே காட்டிவிட்டான். படத்தை முழுசாகப் பார்த்தது மூன்று பேர்தான். மற்றவர்களுக்கு மீம் போதும். ஜான் தாமஸ், ஏழுமலை யார் என்று கேட்டோம். கிரிக்கெட் ஆடுறவங்களா சார் என்றது ஒரு குட்டி.

அந்தக் குட்டியைக் குறை சொல்லி என்ன ஆகப்போகிறது? எங்களில் பாதிப் பேருக்கும் கல்லூரிக்குப் போன பிறகுதான் தெரியும்.

தெரியாத தோழர்களுக்குச் சுருக்கமாக. 1891-இல் செங்கல்பட்டு கலெக்டராக இருந்த டிரமன்ஹீர் இந்த மாவட்டத்துப் பறையர் மக்களின் நிலையைப் பற்றி அரசுக்கு அறிக்கை எழுதினார். மறு ஆண்டு அரசாணை வந்து பஞ்சமி நிலம் வந்தது. முதல் பத்து ஆண்டுக்கு விற்கவோ அடமானம் வைக்கவோ கூடாது, அதற்குப் பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பாரைத் தவிர வேறு யாருக்கும் கை மாறக் கூடாது, மாறினால் செல்லாது. சட்டம் இவ்வளவு தெளிவாக இருந்தும் நிலம் கை மாறியது. நூறு வருடம் கழித்து, மாமல்லபுரம் பக்கத்துக் காரணையில் மக்கள் தங்கள் பஞ்சமி நிலத்தில் அம்பேத்கர் சிலையை வைத்து உரிமை கேட்டார்கள். சிலை அகற்றப்பட்டது. அதைக் கண்டித்து 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் திரண்டவர்கள் மீது காவல்துறை சுட்டதில் ஜான் தாமஸும் ஏழுமலையும் இறந்தார்கள். 'காதலன்' வெளியாகி அன்றைக்கு இருபத்து மூன்றாவது நாள்.

பிள்ளைகளுக்கு இதைச் சொல்ல எங்களைவிடப் பொருத்தமான ஆள் காலனியிலேயே இருந்தார். அறுபதைத் தாண்டிய ஒரு அக்கா. கூப்பிட்டதும் வந்து தரையில் உட்கார்ந்துகொண்டார்.

"எங்க வூட்டுக்காரரு அன்னிக்குக் காலையிலயே செங்கல்பட்டு போய்ட்டாரு. சாயங்காலம் சேதி வந்துச்சி, சுட்டுட்டாங்கன்னு. யாரைன்னு தெரியல. ராத்திரி அவரு வர்ற வரைக்கும் அடுப்பு பத்த வைக்கலப்பா."

"அந்தத் தீபாவளிக்கு என்னக்கா பண்ணீங்க?"

"எங்க தீபாவளி? ஆனா பொங்கலுக்கு முன்னாடி நாட்டாமை படத்துக்குப் போனோம். நாலு வூட்டுப் பொம்பளைங்களும் சேந்து போனோம். விஜயகுமாரு சாவறப்ப நல்லா அழுதேன்."

பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். அக்காவும் சிரித்தார். எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை.

அவர் எதற்காக அழுதார் என்று அன்று இரவு வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தோம். அந்தப் படத்தின் தீர்ப்புகளை ஒருமுறை நிதானமாக யோசித்துப் பாருங்கள். பெண்ணைக் கெடுத்தவனே அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்பது ஒன்று. ஒரு குடும்பத்தையே பதினெட்டு வருடம் ஊரைவிட்டுத் தள்ளி வைப்பது இன்னொன்று. யாரும் பேசக்கூடாது, புழங்கக்கூடாது. ஊர்விலக்கம் என்றால் என்னவென்று நம் சேரிகளுக்கு யாரும் படம் போட்டுக் காட்ட வேண்டியதில்லை. அந்தத் தண்டனையைத்தான் கே.எஸ்.ரவிக்குமார் நீதியின் உச்சமாகக் காட்டினார், தமிழ்நாடு கைதட்டியது, மறு ஆண்டே அது தெலுங்குக்குப் போய் 'பெதராயுடு' ஆனது. ஆண்டையின் நாற்காலியைப் புனிதமாக்கிய படம் அது. நிலம் கேட்டவர்களை அரசே சுட்ட அதே பருவத்தில் அது வந்தது. யாரும் திட்டம் போட்டுச் செய்ததில்லை. ஆனால் அந்த அக்காவின் கண்ணீரைக்கூட அது வாங்கிக்கொண்டது.

'காதலன்' வேறு ரகம். பேட்டை ராப்பில் இருப்பது நம் தெருவின் பேச்சு, நம் பிள்ளைகளின் ஆட்டம். இன்றைக்கும் பாட்டைப் போட்டால் எங்களால் சும்மா இருக்க முடியாது. சினிமா பார்க்காதே, மீம் போடாதே என்று இளைஞர்களிடம் போய்ப் பேசும் தோழர்களுக்கு எங்கள் அனுதாபங்கள்.

சொல்லப்போனால் 'பஞ்சமி' என்ற சொல்லை இந்தத் தலைமுறைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்ததே ஒரு படம்தான். 2019 அக்டோபரில் 'அசுரன்' வந்த சில நாட்களிலேயே முரசொலி அலுவலகம் இருக்கும் இடம் பஞ்சமி நிலமா என்று ஸ்டாலினும் ராமதாஸும் மோதிக்கொண்டார்கள். இருபத்தைந்து வருடமாக நாங்கள் ஒட்டிய சுவரொட்டிகள் செய்யாத வேலை அது. கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது. ஆனால் சர்ச்சை அந்த ஒரு கட்டடத்தைச் சுற்றியே நின்றுவிட்டது. ஈ.சி.ஆர். ஓரம் ரிசார்ட்டுகளுக்கும் மனைப்பிரிவுகளுக்கும் போன நிலத்தைப் பற்றி டிவியில் யாரும் வாய் திறக்கவில்லை.

படங்களின் ஆண்டு விழாவைக் கொண்டாடத் தயாரிப்பாளர் இருக்கிறார், ரசிகர் இருக்கிறார், பாட்டு உரிமை வைத்திருக்கும் நிறுவனம் இருக்கிறது. அக்டோபர் 10-க்கு மாலையோடு வரும் இயக்கத் தோழர்கள் இருக்கிறார்கள். மதியத்துக்குள் கலைந்துவிடுகிறோம். அந்த நாளைப் பற்றிப் பிள்ளைகள் தாங்களாகவே எடுத்துப் பார்க்க, கேட்க, நடித்துக் காட்ட நாம் என்ன செய்து வைத்திருக்கிறோம்?

அக்காவிடம் மறுபடி போனோம். அவர் சொல்வதைக் கைபேசியில் பதிவு செய்யலாமா என்று கேட்டோம்.

"அதுக்கென்ன, எடுத்துக்கோ. அன்னிக்குக் கூடப் போன ஆளுங்க இன்னும் ரெண்டு பேரு கீறாங்க, அவங்களயும் கூட்டியாறேன்" என்றார்.

இதுவரை இரண்டு மணி நேரம் பதிவாகியிருக்கிறது. எடுப்பது பத்தாம் வகுப்புப் பிள்ளைகள். வினாடி வினாவில் நாட்டாமையாக நடித்த பையன்தான் கேள்வி கேட்கிறான்.