இரணியல் ரோட்டில் ஒரு வள்ளம்... நம்ம காரில் கட்டி இழுக்க முடியுமா?

இரணியலில் கடல் கிடையாது. ஆனால் படகு பார்க்கலாம்! மினி லாரியின் கேபினுக்கு மேலே மூக்கை நீட்டிக்கொண்டு, பின்பக்கம் சிவப்புத் துணி படபடக்க, பைபர் வள்ளம் ஒன்று திங்கள்நகர் பக்கம் திரும்பினால் போதும். பஸ்ஸில் இருக்கும் பிள்ளைகள் எல்லாரும் ஜன்னலுக்கு வந்துவிடுவார்கள்.

கன்னியாகுமரி மாவட்டத்தில் இரணியல் இருக்கும் இடம் அப்படி. குளச்சல், முட்டம், மண்டைக்காடு எல்லாமே பக்கம். வேணாட்டு மன்னர்களின் பழைய அரண்மனையைப் பார்க்க வருகிறவர்கள் அரை மணி நேரத்தில் கடற்கரைக்குப் போய்விடலாம். சீசன் பார்த்து வேறு கரைக்குத் தொழிலுக்குப் போவதற்கும், ரிப்பேருக்கும், விற்பதற்கும் வள்ளங்கள் ரோட்டில்தான் பயணம் போகின்றன.

ஒரு காலத்தில் இதற்கு நீர்வழியே போட நினைத்தார்கள். திருவனந்தபுரத்தையும் கன்னியாகுமரியையும் இணைக்க 1860-ல் தொடங்கிய அனந்த விக்டோரியா மார்த்தாண்டன் கால்வாய் மண்டைக்காடு வரை வந்தது. கன்னியாகுமரியை எட்டவில்லை. பிறகு பல இடங்களில் தூர்ந்தும் போனது. கால்வாயில் போக வேண்டிய படகுக்கு இன்று தார் ரோடுதான் துணை.

கட்டுமரத்தின் உறவுக்காரர்

அமெரிக்காவில் ஒரு குடும்பம் தங்கள் காருக்குப் பின்னால் 'பான்டூன்' படகைக் கட்டி ஏரிக்கு இழுத்துப் போகும் வீடியோக்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். இரண்டு அல்லது மூன்று அலுமினியக் குழாய்கள், அவற்றின் மேல் தட்டையான தளம், சுற்றிலும் இருக்கைகள். பான்டூன் அவ்வளவுதான். மரங்களைச் சேர்த்துக் கட்டி மிதக்கவிட்ட நம்ம கட்டுமரத்துக்குத் தூரத்து உறவு என்றே சொல்லலாம். ஆங்கிலத்தின் 'கேட்டமரான்' என்ற சொல்லே நம் 'கட்டுமரம்' போட்ட குட்டிதானே!

கட்டுமரத்துக்கு ஏற்ற மரம் கிடைப்பது கஷ்டமானபோது, 1980-களின் தொடக்கத்தில் முட்டத்தில் ஒட்டுப்பலகைப் படகுகள் கட்டத் தொடங்கினார்கள். அதில் முன்னின்ற பெல்ஜியப் பொறியாளர் பியர் ஜில்லே, அந்தப் பாடுகளை 1985-ல் 'ஸ்மால் இஸ் டிஃபிகல்ட்' என்று புத்தகமாகவே எழுதினார். 'சிறியது கடினம்' என்று பொருள். படகைக் கட்டுவதற்கு மட்டுமல்ல, ரோட்டில் கொண்டுபோவதற்கும் அந்தத் தலைப்பு பொருந்தும்.

இழுப்பது பெரிதல்ல... நிறுத்துவதுதான்!

வீடியோவைப் பார்த்ததும், "நம்ம இன்னோவாவில் இழுக்க முடியாதா?" என்று தோன்றும். ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

20 அடி பான்டூன் படகு சுமார் 1,000 கிலோ. எஞ்சின், எரிபொருள், அதைத் தாங்கும் டிரெய்லர் எல்லாம் சேர்ந்தால் 1,600, 1,700 கிலோவைத் தொடும். கிட்டத்தட்ட இன்னொரு இன்னோவாவைப் பின்னால் கட்டியது போல! கார் அதை இழுத்துவிடும். ஆனால் இறக்கத்தில் பிரேக் போடும்போது பின்னால் இருக்கும் எடை முன்னால் தள்ளும். அதனால்தான் அமெரிக்காவின் பல மாநிலங்களில் சுமார் 1,360 கிலோவுக்கு மேல் போனால் டிரெய்லருக்கும் தனி பிரேக் கட்டாயம்.

மற்ற விஷயங்களும் உண்டு:

• டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவிகிதம் காரின் கொக்கி மேல் இறங்க வேண்டும். குறைந்தால் டிரெய்லர் பாம்பு போல ஆடும். கூடினால் காரின் முன்சக்கரங்கள் லேசாகி, ஸ்டியரிங் பிடி தளரும். 1,700 கிலோவுக்கு இது 170 முதல் 255 கிலோ. அதாவது டிக்கியில் மூன்று பேர் ஏறி உட்கார்ந்த மாதிரி.

• கார் கையேட்டில் எவ்வளவு எடை இழுக்கலாம் என்று எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை என்றால், இழுக்கக் கூடாது என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

• 1988 மோட்டார் வாகனச் சட்டப்படி டிரெய்லரும் ஒரு வாகனம்தான். அதற்கும் பதிவு வேண்டும். பட்டறையில் வெல்டு வைத்து அப்படியே ரோட்டில் இறக்க முடியாது.

• பான்டூனின் அகலம் பெரும்பாலும் எட்டரை அடி. இரணியல், திங்கள்நகர் வளைவுகளில் எதிரே ஒரு பஸ் வந்தால் யார் ரிவர்ஸ் எடுப்பது?

ஆகவே இங்குள்ளவர்கள் வள்ளத்தைக் கட்டி இழுப்பதைவிட லாரி மேல் ஏற்றிக் கட்டுகிறார்கள். எடை முழுவதும் அதைச் சுமக்கவே செய்த சக்கரங்களின் மேல், அதற்கான பிரேக்கின் மேல். குடும்பக் காரில் போகிற நமக்கும் இதுதான் நல்ல வழி: படகு லாரியில் வரட்டும், நாம் காரில் பின்னால் போவோம்.

உயிர் காத்த பயணம்

படகை ரோட்டில் கொண்டுபோகத் தெரிவது பொழுதுபோக்குக்கு மட்டுமல்ல. 2018 ஆகஸ்டில் கேரளம் வெள்ளத்தில் மூழ்கியபோது, கடலோர மீனவர்கள் தங்கள் வள்ளங்களை லாரிகளில் ஏற்றிக்கொண்டு செங்கன்னூர், ஆலுவா பக்கம் போனார்கள். அவர்கள் மீட்டவர்கள் 65,000-க்கும் மேல் என்பது கேரள அரசின் கணக்கு. மதில்களிலும் கேட்டுகளிலும் மோதிப் பல வள்ளங்கள் சேதமாயின. அந்த வள்ளங்கள்தான் அவர்களுக்குச் சோறு போடுபவை.

2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியபோது, தூத்துக்குடி மாவட்ட ஊர்களுக்குள்ளும் மீனவர் படகுகள் வந்தன.

கரையில் படகு இருந்தால் மட்டும் போதாது. அதை ஏற்ற, கயிறு போட்டுக் கட்ட, வளைவில் நிதானமாக ஓட்ட, சேதமில்லாமல் இறக்கத் தெரிந்தவர்கள் வேண்டும். குளச்சல், முட்டம் கரைகளில் அந்தப் பழக்கம் அன்றாட வேலையாகவே இருக்கிறது.

அடுத்த முறை இரணியல் பக்கம் போகும்போது எதிரே ஒரு வள்ளம் லாரியில் வந்தால், ஹாரன் அடிக்காமல் கொஞ்சம் ஒதுங்கி வழிவிடுங்கள். ஒரு குடும்பத்தின் பிழைப்பு போய்க்கொண்டிருக்கிறது. மழைக்காலம் என்றால், வேறு யாருடைய உயிரையோ காக்கக்கூடப் போய்க்கொண்டிருக்கலாம்!