இறப்பர் நிழலில் கழிந்த இளமை

விழா மலருக்குக் கட்டுரை ஒன்று வேண்டுமென மலர்க்குழுவினர் எம்மைப் பணித்தபோது, கல்லூரி வாழ்க்கையைப் பற்றியே எழுதுவதெனத் துணிந்தோம். ஆயின் எழுதுகோலை எடுத்தவுடன் மனம் கல்லூரி வாயிலில் நில்லாது, கண்டி வீதி வழியே ஓடி வரக்காப்பொலவிற் போய் நின்றுவிட்டது. கல்லூரிக்கு வந்த பிள்ளை எங்கிருந்து வந்தான் என்பதும் கல்லூரி வரலாற்றில் ஒரு சிறு பகுதியே. ஆதலின் அதன் போக்கிலேயே எழுதலானோம். பழைய மாணவர் பொறுத்தருள்வர் என்பது எமது நம்பிக்கை.

கொழும்பிலிருந்து கண்டிக்குச் செல்லும் பெருந்தெருவில், ஏறத்தாழ 60 கிலோமீற்றர் தொலைவில், கேகாலை மாவட்டத்தின் மேற்கு வாயில்போல் அமைந்தது வரக்காப்பொல. வழிப்போக்கருக்கு அது அலுவா, தொதல், ஹலப்ப முதலிய பலகாரங்கள் வாங்குவதற்குப் பஸ் நிற்கும் ஒரு கடைத்தெரு. எமக்கோ அக்கடைத்தெருவைக் கடந்து உள்ளே சென்றால் எதிர்ப்படும் குன்றுகளே ஊர். மலையகம் என்றவுடன் தேயிலையையும் பனியையும் நினைப்போர் பலர். சப்பிரகமுவவின் தாழ்ந்த குன்றுகளில் வாழ்ந்த எம்மவருக்குத் தேயிலையிலும் இறப்பரே பழக்கம். 1876ஆம் ஆண்டில் கம்பஹாவை அடுத்த ஹெனரத்கொடப் பூந்தோட்டத்தில் நடப்பட்ட அயல்நாட்டுக் கன்றுகளே இந்நாட்டு இறப்பருக்கு முதல். அவற்றின் வழிவந்த மரங்களின் கீழேதான் எம் பாட்டனாரும் தந்தையாரும் தம் நாள்களைக் கழித்தனர்.

நாம் பிறந்தது 1986இல். ஆகவே நினைவு தெரிந்த நாள்கள் யாவும் தொண்ணூறுகளுக்கே உரியன. பத்தடிச் சதுரமான லயத்துக் காம்பரா ஒன்றில் ஐவர் வாழ்ந்தோம். இரவில் குப்பி விளக்கு. காலையில் பக்கத்துக் காம்பராவின் வானொலிப் பெட்டியிலிருந்து இலங்கை வானொலியின் தமிழ்ச் சேவை. அது ஒரு வீட்டுப் பெட்டியன்று. பன்னிரண்டு காம்பராக்களுக்கும் பொது. மரத்தின் வெட்டுவாயிலும் சிரட்டையிலும் உறைந்துகிடக்கும் ஒட்டுப்பாலை உரித்து, இழை இழையாகச் சுற்றிப் பந்து செய்வோம். அப்பந்து ஒருமுறை நிலத்திற்பட்டால் எத்திக்கிற் பாயும் என்று எவராலும் கூற இயலாது. எமது துடுப்பாட்டம் இன்றளவும் ஒழுங்கற்றிருப்பதற்கு அதுவே காரணம் எனலாம்! ஆடி ஆவணி மாதங்களில் வெயிலேறும் வேளை, முற்றிய இறப்பர்க் காய்கள் மரத்திலேயே படீரென வெடித்து வித்துகளைச் சிதறும். அவ்வித்தைக் கல்லில் உரைத்துச் சூடேற்றி, ஏமாந்திருக்கும் தோழனின் கையில் வைப்பது அந்நாளைய பெருங்குறும்பு.

மழையையும் நாம் பெரிதும் விரும்பினோம். அதன் காரணத்தைச் சொன்னால் நகரத்தார் வியப்பர். இறப்பர் மரத்திற் பால் வெட்டுவது விடியற்காலை வேலை. வெயில் ஏறுமுன்னரே பால் நன்கு வடியும். பிரட்டுக்களத்திற் பெயர் கொடுத்துவிட்டு, வெட்டுக்கத்தியுடன் 300 மரங்கள் வரை ஏறி இறங்கி வெட்டி, பின் வாளியுடன் மீண்டும் அதே மரங்களைச் சுற்றிப் பாலைச் சேகரித்து, ஸ்டோரிற் கொண்டுபோய் நிறுத்துக் கொடுக்கவேண்டும். பட்டை நனைந்தால் பால் வெட்டுவாயை விட்டு வழிந்தோடி வீணாகும். ஆதலின் இரவு மழை பெய்தால் விடியலில் வெட்டு இல்லை. தந்தையார் வீட்டிலிருப்பார். எம்மை மடியில் இருத்திக் கதை சொல்வார். அடுப்படியில் பலாக்கொட்டை சுடுவார். மழை வேண்டுமென்று தோட்டத்து மாரியம்மனிடம் நாம் வேண்டிக்கொண்ட இரவுகள் பல. வேலையற்ற நாளுக்குப் பெயரில்லை, பெயரற்ற நாளுக்குக் கூலியில்லை என்பது பிள்ளைகளுக்கு எவ்வாறு தெரியும்? மழை நாளிற் கதை சொன்ன அம்முகத்தில் கவலையின் நிழலைக் கண்டதாக நினைவே இல்லை. அதை அவர் எமக்குக் காட்டவில்லை என்பதை இப்பொழுது உணர்கின்றோம்.

இக்கட்டுரையில் நாம் சொல்ல வந்தது, அவர் எமக்குக் காட்டிய ஒரே ஓர் அச்சத்தைப் பற்றியே.

1996ஆம் ஆண்டு உலகக் கிண்ணக் கிரிக்கெட் போட்டியை எம் தலைமுறையினர் மறவார். அவ்வாண்டு சனவரி 31ஆம் நாள் கொழும்பில் மத்திய வங்கியில் குண்டு வெடித்துப் பெருந்தொகையினர் மாண்டனர். அதன்பின் அவுஸ்திரேலிய அணியும் மேற்கிந்திய அணியும் கொழும்பில் ஆட மறுத்தன. அந்த அவுஸ்திரேலிய அணியையே மார்ச் 17ஆம் நாள் லாகூரில் இறுதியாட்டத்தில் இலங்கை எதிர்கொண்டது. மலையகத் தமிழ்க் குடும்பத்திற் பிறந்து கண்டியில் வளர்ந்த முத்தையா முரளிதரன் அணியில் இருந்தமையால், எம் லயத்துச் சிறுவர்க்கு அவ்வணி இருமடங்கு சொந்தமாயிற்று.

தோட்டத்து எல்லையில் சிங்கள முதலாளி ஒருவரின் கடை இருந்தது. மின்சாரமும் தொலைக்காட்சியும் அங்கு உண்டு. பிற்பகல் தொடங்கிக் கடைவாசலில் ஊராரும் தோட்டத்தாரும் நெருங்கி அமர்ந்தனர். எமக்கு மாச்சாக்கின் மேல் ஓர் இடம் கிடைத்தது. அவுஸ்திரேலியா 241 ஓட்டங்கள் எடுத்தது. அரவிந்த டி சில்வா ஆட்டமிழக்காது 107 ஓட்டங்கள் குவிக்க, ஏழு விக்கெட்டுகளால் இலங்கை வென்றது. வென்ற கணத்தில் எழுந்த ஆரவாரத்தை என்னென்பது! இன்னார் இனத்தார் என்ற வேறுபாடின்றி ஒருவரையொருவர் தழுவினர். முதலாளி கண்ணாடிப் புட்டியைத் திறந்து பிள்ளைகட்கெல்லாம் இனிப்பு வழங்கினார். வரக்காப்பொல நகர்ப்பக்கமிருந்து வெடிகள் தொடர்ந்து முழங்கின. எமது கடையிலும் ஒருவர் சரவெடி கொளுத்தினார்.

அவ்வேளையிற்றான் இருளைக் கிழித்துக்கொண்டு ஓடிவந்தார் எம் தந்தையார். மேற்சட்டை இல்லை, காலில் செருப்பு இல்லை, முழங்காலில் இரத்தம். வந்தவர் எவரையும் நோக்கவில்லை. எம் கையை இறுகப்பற்றிக் கூட்டத்திலிருந்து இழுத்தார். “வா, வீட்டுக்குப் போவோம்” என்றார். குரல் நடுங்கிற்று. கூட்டத்தில் சிலர் நகைத்தனர். தோழர் முன்னிலையில் எமக்குண்டான நாணம் சினமாகியது. கையை உதறி, அனைவரும் கேட்க, “நீங்கள் ஒரு பயந்தாங்கொள்ளி, அப்பா!” என்று கூவினோம்.

அவர் மறுமொழி கூறவில்லை. பற்றிய கையை விடவும் இல்லை. கடை முதலாளிதான் நகைத்தவர்களைக் கடிந்து அடக்கி, டோர்ச் லைற்றை எடுத்துக்கொண்டு எமக்கு முன்னே நடந்தார். “பய வென்ன எப்பா” என்று தந்தையாரிடம் இரண்டொருமுறை மெல்லக் கூறினார். லயத்து வாசல்வரை வந்து, அன்னையார் எம்மை உள்ளே அழைக்கும்வரை நின்று, பின்னரே திரும்பினார். அம்மனிதர் எதை அறிந்திருந்தார் என்பதை அன்று நாம் அறியோம்.

அவ்வாண்டு புலமைப்பரிசில் பரீட்சையிற் சித்தியடைந்து, 1997 சனவரியில் கொழும்பிலுள்ள நம் கல்லூரியில் ஆறாம் வகுப்பிற் சேர்ந்தோம். தகரப்பெட்டியுடன் தந்தையாரும் நாமும் பஸ் ஏறினோம். ஏறுமுன் அவர், “வழியில் பேசாதே” என்று மட்டும் கூறினார். பிரம்புக் கூடைகள் தொங்கும் வெவெல்தெனியக் கடைகள் கடந்தன, வீதியோரம் மகளிர் முந்திரிப்பருப்பு விற்கும் கஜுகமவும் கடந்தது. எல்லாம் எமக்குப் புதுமை. கேட்பதற்கு நூறு கேள்விகள் இருந்தன. ஒன்றையும் கேட்கவில்லை. சோதனைச் சாவடிகளில் இறங்கி வரிசையில் நடந்து, அடையாள அட்டையைக் காட்டி, மீண்டும் ஏறினோம். வழிநெடுக அவர் எம் கையை விடவில்லை. விடுதி வாயிலில் அதை விடுத்தபோது எம் விரல்கள் மரத்திருந்தன. அன்பில்லாத மனிதர், ஒரு சொல்லும் சொல்லாமலே பிள்ளையை விட்டுச் செல்கின்றார் என்று நாம் மனத்தினுள் வருந்தினோம்.

விடுதியில் மாதத்தின் முதல் ஞாயிறு பெற்றோர் வரும் நாள். தந்தையார் ஒரு மாதமும் தவறியதில்லை. 1998 சனவரி 25ஆம் நாள் கண்டியில் தலதா மாளிகையின் வாயிலில் குண்டு வெடித்தது. சுதந்திரத்தின் பொன்விழா பெப்ரவரி 4ஆம் நாள் கண்டியில் நடைபெறவிருந்தது. அது கொழும்புக்கு மாற்றப்பட்டது. இடைப்பட்ட ஞாயிறு பெப்ரவரி முதலாம் நாள். அன்று கண்டி வீதியிற் பயணஞ்செய்ய விரும்பிய தமிழர் எத்தனை பேர் இருந்திருப்பர்? எமது அறையில் நால்வருக்கு எவரும் வரவில்லை. எம் தந்தையார் வந்தார். கையில் வரக்காப்பொல அலுவாப் பொதி. சோதனைக்காக அவிழ்த்துக் கட்டிய நூல் தளர்ந்திருந்தது. அரைமணி நேரம் இருந்தார். சாப்பாட்டைப் பற்றி வினாவினார். விளையாட்டுத் திடலில் தோழர் எம்மை அழைத்துக்கொண்டிருந்தனர். நாம் விரைந்து விடைகொடுத்து ஓடினோம். அலுவாவை அனைவரும் பங்கிட்டு உண்டோம். அவர் திரும்பிச் செல்லும் வழியைப் பற்றி நாம் ஒருகணமும் நினைக்கவில்லை.

அவர் காலமான பின்னரே அன்னையார் பழைய செய்தியைக் கூறினார். 1977ஆம் ஆண்டு ஜூலையில் பொதுத்தேர்தல் முடிந்து வெற்றிவெடிகள் முழங்கியபோது, தந்தையார் வேறொரு சப்பிரகமுவத் தோட்டத்தில் பதினெட்டு வயது இளைஞர். ஊராருடன் சேர்ந்து அவரும் அவ்வெடியைக் கண்டு களித்தாராம். அடுத்த மாதமே நாடெங்கும் கலவரம் மூண்டு, அவர்தம் லயத்துக்கும் தீ வந்தது. இறப்பர்க் காட்டினுள் இருளில் ஓடுகையில், கையிற் பற்றியிருந்த தம்பியின் பிடி நழுவிற்று. விடியும்வரை கூவியழைக்கவும் இயலாது, தேடாதிருக்கவும் இயலாது தவித்து, விடிந்தபின் ஓடைக்கரையில் அவரை உயிருடன் கண்டார். 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி இந்தியக் குடிகளாகப் பதியப்பட்ட பாட்டனாரும் பாட்டியாரும் அத்தம்பியும் பின்னர்த் தலைமன்னாரிற் கப்பலேறினர். விவாகமாகியிருந்த தந்தையார் இங்கேயே தங்கினார். அத்தம்பியை அவர் மீண்டும் கண்டிலர்.

வெற்றிவெடி கேட்ட அந்த மார்ச் இரவில் அவர் செருப்பின்றி ஓடிவந்தது ஏன், கையை விடாதது ஏன் என்பன அப்பொழுதே எமக்கு விளங்கின. கடை முதலாளி விளக்குடன் முன்னே நடந்ததன் பொருளும் விளங்கிற்று. எம் சொல்லைத் திரும்பப் பெறுவதற்குத்தான் அவர் இல்லை.

தொண்ணூறுகளை நினைந்து எம் வயதினர் ஏங்குவதை இன்று எங்கும் காண்கின்றோம். அக்காலம் இனிமையானது என்பர். நாமும் மறுக்கவில்லை, ஒட்டுப்பாற் பந்தும் பொது வானொலியும் இன்றும் நெஞ்சில் இனிக்கின்றன. ஆயின் அவ்வினிமை தானே விளைந்ததன்று. கூலியில்லாத நாளின் கவலையையும் கலவரத்தின் நினைவையும் பெரியோர் தம்முள்ளே வைத்துப் பூட்டினர். பிள்ளைகளுக்கு எஞ்சிய இனிமையையே நாம் ‘அந்தக் காலம்’ என்கின்றோம். அச்சமில்லாதவன் துணிவதில் என்ன அருமை? அஞ்சியவர் மாதந்தோறும் பஸ் ஏறி வந்தாரே, அதற்கு வேறு பெயர் உண்டு. பயந்தாங்கொள்ளி என்பது அப்பெயரன்று.

விடுதியில் வாழும் இளைய மாணவர்களே, ஞாயிறன்று வாயிலில் பொதியுடன் நிற்கும் ஒருவர் அதிகம் பேசாதிருந்தால், அவர் வந்த வழியைக் கேளுங்கள். விளையாட்டுத் திடல் எங்கும் போய்விடாது. அவரை வாயில்வரை அல்ல, பஸ் நிலையம்வரை கொண்டுபோய் விட்டு வாருங்கள். எம்மை ஏற்று வளர்த்த கல்லூரி அன்னைக்கு இவ்விழாக் காலத்தில் எமது வணக்கம். அவள் வாயிலில் விரல் மரக்கும்வரை எம் கையைப் பற்றியிருந்தவருக்கு, காலந்தாழ்ந்த எமது மன்னிப்பு வேண்டுதல்.