'ஈ' போட்டு ஆரம்பி!

அச்சரப்பாக்கம் தெரியும்ல? பிள்ளையாரைக் கும்பிடாம திரிபுரம் எரிக்கக் கிளம்பின சிவனோட தேர், அச்சு முறிஞ்சு நின்னதா சொல்ற ஊர்! இன்டர்ன்ஷிப்ல எனக்கும் அதே கதை.

மானிட்டரே இல்லாம மூலையில ஓடிட்டிருந்த லினக்ஸ் சர்வர், கரன்ட் போய் வந்த காலையில மக்கர் பண்ணுச்சு. மானிட்டரை மாட்டினா ஒரே கறுப்பு. 'இன்ஜினீயரிங்தானே படிக்கிறே தம்பி?'னு ஓனர் கேட்க, வேர்த்துடுச்சு.

மானிட்டர்தான் தன் அளவுகளை 128 பைட்ல சொல்லும். பூட் ஆகும்போது ஆளே இல்லைன்னா, கெர்னல் சில சமயம் அந்த போர்ட்டைக் கண்டுக்காது. மானிட்டரோட ரீபூட் பண்ணி சமாளிச்சேன்.

அப்புறம் க்ரப் ஃபைல்ல, 'வீடியோ' ஆப்ஷன்ல விஜிஏ போர்ட் பேர், 1024, 768, கடைசியில ஆங்கில 'ஈ'. 'மானிட்டர் இருக்குன்னே நினைச்சுக்கோ'னு அர்த்தம். மானிட்டரைக் கழட்டி, ரீபூட் பண்ணி, மறுபடி மாட்டினேன். எழுத்து பளிச்!

இனி அந்த 'ஈ'தான் நமக்குப் பிள்ளையார் சுழி!