பத்தர் வீட்டுத் திண்ணை

நகை விஷயத்தில் அபிப்பிராயம் சொல்லும் யோக்கியதை எனக்குக் கிடையாது. கழுத்தில் ஒரு சங்கிலி, காதில் ஒரு தோடு. அதற்கு மேல் ஆசைப்பட்டதில்லை. ஆசைப்பட்டிருந்தாலும் கதை எழுதிச் சம்பாதிக்கிற பணத்தில் அது நடந்திராது. ஆனால் அந்தத் தோடு இருக்கிறதே, அதைப் பற்றிச் சொல்லியே தீர வேண்டும்.

அது என் அம்மாவுடையது. ஏழு கல் கெம்புத் தோடு. நடுவில் பெரிய கல் ஒன்று, சுற்றிச் சின்னக் கல் ஆறு. 1953-இல் அம்மாவின் கல்யாணத்துக்காகக் காரைக்குடியில் செய்தது. அப்பா அங்கே ஹைஸ்கூலில் உபாத்தியாயர். கெம்பு வாங்கும் வசதி உபாத்தியாயருக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். அடுத்த வீட்டு ஆச்சி கொடுத்தது. கொடுத்தது என்றால் தானமாக அல்ல. ஊருக்குத் தெரியாமல், கிடைத்த விலைக்கு.

அந்த நாளையச் செட்டிநாட்டைத் தெரிந்தவர்களுக்கு இது ஆச்சரியமாக இராது. 1930-களின் முடிவில் கீழ்ப் பர்மாவின் முக்கியமான நெல் ஜில்லாக்களில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு நிலம் செட்டியார்கள் கையில் இருந்தது. 1942-இல் ஜப்பானியர் வந்தார்கள். அங்கிருந்தவர்களில் பலர் மலையும் காடும் கடந்து நடந்தே ஊர் வந்து சேர்ந்தார்கள். 1948-இல் பர்மா சுதந்திரம் அடைந்ததும் நிலத்தைத் தேசியமாக்கச் சட்டம் வந்தது. நிலம் அங்கே நின்றுவிட்டது. கப்பலில் வந்திருந்த தேக்கு மரம் இங்கே தூணாக நின்றது. தூணை விற்க மனம் வராது. விற்றால் வெளியே தெரியும். மடிசஞ்சியில் முடிந்து வைத்திருந்த மொகோக் சுரங்கத்துக் கெம்பை விற்றால் யாருக்குத் தெரியப் போகிறது? பிற்பாடு தூண்களும் வந்துவிட்டன. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் இன்று பழஞ்சாமான் கடைகளில் தூண், கதவு, பீங்கான், எனாமல் தூக்கு எல்லாம் விலைக்குக் கிடைக்கின்றன. ஆச்சி அதைப் பார்க்க இருக்கவில்லை. நல்லதுதான்.

அம்மா சாகும் வரையில் அந்தத் தோட்டைப் பற்றி ஒரே ஒரு கட்டளைதான் போட்டிருந்தாள்: "கல் ஆடினால் காரைக்குடிப் பத்தரிடம் கொண்டு போ. வேறு யார் கையிலும் கொடுக்காதே." செட்டிநாட்டில் தங்க வேலை செய்கிறவரைப் பத்தர் என்பதுதான் வழக்கம். அம்மாவுக்கு மற்ற ஊர்களின் பேரில் இருந்த பொதுவான அவநம்பிக்கையில் இதுவும் ஒன்று என்று நினைத்துக்கொண்டேன்.

போன வருஷம் ஓரத்துக் கல் ஒன்று விழுந்துவிட்டது. நல்ல வேளையாகத் தலையணையில் கிடைத்தது. சோம்பேறித்தனத்தால் முதலில் சென்னையிலேயே ஒரு பெரிய கடைக்குப் போனேன். குளிர்ந்த அறை, குடிக்கத் தண்ணீர், மரியாதையான பெண். தோட்டைத் தராசில் வைத்தாள். "அரக்கு வெயிட், கல் வெயிட் எல்லாம் கழிச்சுப் பழைய தங்கமா எடுத்துக்கலாம் மேடம். கல்லுக்கு மதிப்பு இல்லை" என்றாள். அவள் பேரில் பிழை இல்லை. அவளுக்குச் சொல்லிக் கொடுத்தது அது. நான் தோட்டை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். பல்லவன் எக்ஸ்பிரஸ் இப்போது காரைக்குடி வரைக்கும் போகிறது. ஏறி உட்கார்ந்தேன்.

நான் தெரிந்து வைத்திருந்த பத்தர் காலமாகி வெகு நாளாகிறது. திண்ணையில் அவர் பிள்ளை இருந்தார். சிறுவனாக ஊதுகுழல் ஊதிக்கொண்டிருந்ததைப் பார்த்திருக்கிறேன். இப்போது அவருக்கே அறுபது தாண்டிவிட்டது. அதே பட்டடை, அதே குறடு, சாமணம், கம்பி இழுக்கும் அச்சு. உமி அடுப்புக்குப் பதில் காஸ் வந்திருக்கிறது. மற்றபடி ஆள் ஒருவர்தான். தங்கத்தை உருக்குவதும் அவரே, தகடு தட்டுவதும் அவரே, கல் கட்டுவதும், மெருகு போடுவதும், கடன் சொன்னவர்கள் வீட்டு வாசலில் போய் நிற்பதும் அவரே.

"வாத்தியார் மகளா? வாங்க அக்கா, உக்காருங்க" என்றார்.

தோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அரக்கு செத்துப் போச்சு. ஒரு கல்லை மட்டும் வைக்கலாம். ஆறு மாசத்துல அடுத்தது விழும். எல்லாத்தையும் எடுத்துட்டுத் திரும்பக் கட்டணும். நாலு நாள் இருப்பீங்களா?"

இருந்தேன். சிநேகிதி ஒருத்தியின் வீட்டில் தங்கிக்கொண்டு, தினம் சாயங்காலம் திண்ணைக்குப் போய் உட்கார்ந்தேன். கெம்புக் கட்டு எப்படி நடக்கிறது என்று எழுபது வயதில்தான் தெரிந்துகொண்டேன். தங்கத்தில் சின்னக் கிண்ணம் போல அறை. அதில் அரக்கு. அரக்கின் மேல் பளபளக்கும் மெல்லிய தகடு. அதன் மேல் கல். பிறகு கலப்பில்லாத சுத்தத் தங்கத்தை ரேக்காகத் தட்டி, கல்லைச் சுற்றி எஃகு ஊசியால் அழுத்திக்கொண்டே வர வேண்டும். நெருப்பு கிடையாது, பற்றவைப்பு கிடையாது. சுத்தத் தங்கம் அவ்வளவு மிருது. அழுத்தினால் தன்னோடு தானே ஒட்டிக்கொள்கிறது. முதுகுப் பக்கம் மூடியிருப்பதால் வெளிச்சம் பின்னாலிருந்து வராது. அடியிலிருக்கிற தகடுதான் கல்லுக்கு நிறம் கொடுக்கிறது. ஆகையால் கல்லை வெளியே எடுக்கிற வரையில் அதன் உண்மையான குணம் கட்டினவனைத் தவிர யாருக்கும் தெரியாது. இதை அவர் சாதாரணமாகச் சொன்னார். நானும் சாதாரணமாகக் கேட்டுக்கொண்டேன்.

"பிழைப்பு எப்படி?" என்று கேட்டேன்.

சிரித்தார். பவுன் எழுபதாயிரத்தைத் தாண்டிய 2025-ஆம் வருஷத்திலிருந்து தூக்கம் குறைந்துவிட்டது என்றார். அரம் போடும்போது பறக்கிற பொடி கூட இப்போது பணம். திண்ணையைப் பெருக்கிய குப்பையைத் தகர டின்னில் சேர்த்து வைத்து, மண் அரிப்பவர் வரும்போது கொடுக்கிறார். சொந்தத் தங்கம் வாங்கி நகை செய்து வைக்கிற சக்தி இல்லை. கொண்டு வந்து கொடுப்பவர்களுக்குச் செய்கிறார். செய்கூலி கேட்டால், அச்சில் வார்த்த நகைக்கு என்ன கூலியோ அதைச் சொல்லிப் பேரம் பேசுகிறார்கள். 2021-இல் ஹால்மார்க் கட்டாயமாயிற்று. 40 லட்சம் ரூபாய்க்குக் குறைவாக வியாபாரம் செய்கிறவர்களுக்கு அதிலிருந்து விலக்கு. குந்தன் வேலைக்கும் விலக்கு. சட்டம் விட்டாலும் வருகிறவர்கள் விடுகிறார்களா? "அந்த ஆறு எழுத்து நம்பர் எங்கேன்னு கேக்குறாங்க. எங்க அப்பா காலத்துல நம்பர் எங்க மூஞ்சிதான்."

கழுத்துரு வேலை வருமா என்று கேட்டேன். நகரத்தார் வீட்டுக் கல்யாணத்தில் பெண் கழுத்தில் ஏறும் தங்கத் தாலி அது. முப்பதுக்கு மேற்பட்ட உருப்படிகள், விரல்கள் விரித்தாற்போல ஏத்தனம், மஞ்சள் நூலில் கோத்தது. கல்யாணத்தன்று போட்டுக்கொள்வார்கள்; அப்புறம் அறுபதாம் கல்யாணத்துக்கு எடுப்பார்கள். இடையில் பெட்டியில் தூங்கும், இப்போது பாங்க் லாக்கரில். அதுவும் வருகிறது, வருஷத்துக்கு ஒன்றோ இரண்டோ. "அழிச்சு ரெண்டாப் பண்ணித் தாங்கன்னுதான் வருது. பாட்டியோடது ஒண்ணு, பேத்திங்க ரெண்டு."

அவருடைய தகப்பனார் பட்டது இதைவிட மோசம். 1963 ஜனவரியில் தங்கக் கட்டுப்பாடு வந்தது. மொரார்ஜி தேசாய் நிதி மந்திரி. புது நகை 14 காரட்டுக்கு மேல் இருக்கக் கூடாது என்று உத்தரவு. 22 காரட்டில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்றரைப் பங்குக்கு மேல் தங்கம். 14-இல் ஐம்பத்தெட்டுச் சொச்சம். அது விறைப்பான உலோகம், நிறமும் மட்டம். ரேக்காகத் தட்டினால் விரியாது, கல்லைப் பிடிக்காது. அந்தத் தங்கத்தில் தாலி செய்து கொள்ள எந்தத் தாய் சம்மதிப்பாள்? நாடெங்கும் தட்டார்கள் வேலையற்றுப் போனார்கள். உயிரை விட்டவர்களைப் பற்றிப் பத்திரிகைகள் எழுதின. 1966-இல் 14 காரட் விதி போயிற்று. 1968-இல் சட்டம் வேறு உருவில் வந்து 1990 வரை உட்கார்ந்திருந்தது. அந்த மூன்று வருஷமும் பழைய பத்தர் வெள்ளிக் கொலுசுக்குப் பற்றவைத்தும், நாட்டியக்காரர்களின் செட்டுக்குத் திருச்சிக் கல் கட்டியும் காலம் தள்ளினாராம். அதே ஊரில், அழகப்பச் செட்டியார் நிலமும் பணமும் கொடுத்து, 1948-இல் நேரு அஸ்திவாரக் கல் நாட்டி, 1953-இல் திறந்த மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்தில், உலோகத்தின் மேல் உலோகம் பூசுகிற வித்தையை விஞ்ஞானிகள் ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். இரண்டுக்கும் இரண்டு மைல் தூரம் இருக்குமோ என்னவோ.

மூன்றாம் நாள் நான் போனபோது பத்தர் எழுந்து நின்றார். முகம் சரியில்லை. ராத்திரி தூங்காதவர் போலிருந்தார். பதினாலு கற்களும் ஒரு வெள்ளைத் துணியில் கிடந்தன. அவற்றில் இரண்டை மட்டும் தனியே தள்ளி வைத்திருந்தார். நடுக் கற்கள்.

"அக்கா, இதைப் பாருங்க" என்று பூதக்கண்ணாடியைக் கொடுத்தார்.

சின்னக் கல்லுக்குள் பட்டு நூல் போல மெல்லிய இழைகள் தெரிந்தன. பெரிய கற்களில் இழை இல்லை. வெகு சுத்தம். கொஞ்சம் சாய்த்தால் கிராமபோன் தட்டில் இருப்பது போல வளைந்த கோடுகள். ஒரு மூலையில் காற்றுக் குமிழி ஒன்று.

"இது பூமியில விளைஞ்சதில்லை. மெஷின் கல்லு" என்றார்.

1902-இல் பாரிஸில் வெர்னுயில் என்பவர் அலுமினா பொடியை நெருப்புச் சுவாலையில் உருக்கிக் கெம்பு செய்யும் வழியைப் பிரசுரித்தார். சரக்கு என்னவோ ஒன்றுதான். சுரங்கக் கெம்பிலும் அதே அலுமினியம், அதே ஆக்ஸிஜன், சிவப்புக்குத் துளி குரோமியம். பூமி கோடிக்கணக்கான வருஷத்தில் செய்ததை அவர் சில மணி நேரத்தில் செய்தார். திருச்சியிலும் புதுக்கோட்டைப் பக்கத்துக் கிராமங்களிலும் அப்படிப்பட்ட கல்லுக்குப் பட்டை தீட்டி எத்தனையோ குடும்பங்கள் சாப்பிட்டன. இதையெல்லாம் பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். அந்தச் சமயத்தில் எனக்குத் தோன்றியது ஒன்றே ஒன்று. சொல்ல வெட்கமாக இருக்கிறது. தாய்ப் பொன்னிலும் மாப்பொன் எடுப்பான் என்கிற பழமொழிதான் தோன்றியது. நான் வாயைத் திறக்கவில்லை. ஆனால் அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நேத்து மத்தியானமே தெரிஞ்சுபோச்சு அக்கா. இந்தத் தோட்டுல கை வச்சது எங்க அப்பா ஒருத்தர்தான். உங்களுக்கு என்ன தோணுமோ அதுதான் எனக்கும் தோணுச்சு. பேசாம திருப்பி வச்சுக் கட்டியிருந்தா உங்களுக்குத் தெரியாது. ஆனா பெத்த தகப்பனை நானே சந்தேகப்பட்டுக்கிட்டு எப்படி உக்காந்து வேலை செய்யறது?"

உள்ளே போய் ஒரு நோட்டைக் கொண்டு வந்தார். நீளவாக்கில் தைத்த கணக்கு நோட்டு, அட்டை இற்றுப்போயிருந்தது. அவருடைய தகப்பனார் ஒவ்வொரு வேலையையும் எழுதி வைக்கிற வழக்கம் உள்ளவர். ராத்திரி பூராவும் பரணில் இருந்த நோட்டுக்களை இறக்கிப் புரட்டியிருக்கிறார். ஒரு பக்கத்தில் விரலை வைத்து என்னிடம் நீட்டினார்.

1972, ஜூன். பென்சில் எழுத்து. "வாத்தியார் வீட்டு அம்மா. தோடு ஜோடி 1. நடுக் கெம்பு 2 கழற்றி அவர்கள் கையில் கொடுத்தது. திருச்சிக் கல் 2 வைத்தது. கூலி வேண்டாம் என்றேன். ரூ. 5 வைத்துவிட்டுப் போனார்கள். வாத்தியார் ஐயாவுக்குத் தெரிய வேண்டாம் என்று சொன்னார்கள்."

1972 ஜூனில்தான் நான் மதுரையில் கல்லூரியில் சேர்ந்தேன். ஹாஸ்டலுக்கும் சேர்த்துப் பணம் கட்ட வேண்டியிருந்தது. அப்பா முடியாது என்று சொல்லிவிட்டார். கோபமாக அல்ல, கணக்குப் போட்டுக் காட்டிவிட்டுச் சொன்னார். ஒரு வாரம் கழித்து அம்மா, தன் தம்பி அனுப்பினான் என்று ஒரு கவரைக் கொண்டு வந்து வைத்தாள். மாமாவுக்கு நான் நன்றி சொல்லிக் கடிதம் எழுதினேன். அதற்கு அவர் பதிலே போடவில்லை. கர்வம் பிடித்த மனிதர் என்று எத்தனையோ வருஷம் அவரைப் பற்றி எண்ணியிருக்கிறேன். அந்தக் கடிதத்தைத் தபாலில் சேர்க்கிறேன் என்று வாங்கிக்கொண்டு போனது அம்மா.

"சொல்ல வேண்டாம்னு எழுதியிருக்கு. நான் சொல்லிட்டேன்" என்றார் பத்தர். "தப்புன்னா மன்னிச்சிருங்க."

என்ன பதில் சொல்வது? அப்பாவும் இல்லை, அம்மாவும் இல்லை, அவர் தகப்பனாரும் இல்லை. கொஞ்ச நேரம் இரண்டு பேரும் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் மனைவி காபி கொண்டு வந்து வைத்தாள்.

பிறகு அவர் தொழில் பேச்சுக்குத் திரும்பினார். நடுக் கல்லுக்கு நல்ல கெம்பாகவே தேடித் தரலாம். விலை ஜாஸ்தி, ஆனால் ஜோடி சேரும். அல்லது ஓரத்துக் கல்லை எல்லாம் எடுத்துவிட்டு வேறு மாதிரி கட்டலாம். மதிப்பு வேண்டுமென்றால் முதலாவதுதான் சரி.

"இதையே வையுங்கள்" என்றேன்.

"மெஷின் கல்லையா?"

"ஆமாம்."

அவர் மறு பேச்சுப் பேசவில்லை. நாலாம் நாள் சாயங்காலம் தோடு தயாராக இருந்தது. பூந்திக்கொட்டைத் தண்ணீரில் அலசி, துணியில் துடைத்துக் கொடுத்தார். அடித்தகடு புதிது, பதினாலு கல்லும் ஒரே சிவப்பாக இருந்தன. கூலி என்ன என்று கேட்டேன். சொன்னார். அதிகமும் இல்லை, குறைவும் இல்லை; நான்கு நாள் வேலைக்கு உரிய பணம். பேரம் பேசாமல் கொடுத்தேன். எண்ணி வாங்கிப் பெட்டியில் போட்டார்.

நான் கிளம்பும்போது அவர் தம்முடைய நோட்டை எடுத்து எழுதிக்கொண்டிருந்தார். எட்டிப் பார்த்தேன். "வாத்தியார் மகள். தோடு ஜோடி 1. அரக்கு மாற்றிக் கட்டியது. நடுக்கல் 2, இருந்ததே வைத்தது." தேதி போட்டார். பிறகு பழைய நோட்டில் அந்தப் பக்கத்துக்கு அடையாளமாக வைத்திருந்த பஸ் டிக்கெட்டை எடுத்துவிட்டு அதை மூடி, பரணில் வைக்கச் சொல்லி உள்ளே கொடுத்தார்.