கொடுமுடி வாசலில் வெங்காயத் தாள்

பவானியில் புறப்படும் காளிங்கராயன் வாய்க்கால் கொடுமுடிக்கு அருகே ஆவுடையார்பாறையில் முடிகிறது. இந்தப் பக்கத்து மஞ்சள் காடுகளில் பார் ஓரமாகச் சின்ன வெங்காயம் ஊடுபயிராக நிற்கும்; சுமார் 70 நாளில் பிடுங்கிவிடுவார்கள். அதில் தாளைக் கிள்ளினால் காய் பெருக்காது.

சமையலுக்குத் தாள் வேண்டுமா? வாசலில் ஒரு தொட்டி போதும். முளைவிட்ட காய்களைக் குப்பையில் எறியாமல், நுனி வெளியே தெரிய, நான்கு விரல் இடைவெளியில் ஊன்றலாம். மண்ணோடு மணலும் மக்கிய தொழுவுரமும் கலக்க வேண்டும். அடியில் துளை கட்டாயம். காவிரியே பக்கத்தில் ஓடினாலும் தண்ணீரை அளந்துதான் விட வேண்டும், தேங்கினால் அழுகும். ஒரு சாண் வளர்ந்ததும் இரண்டு விரல் விட்டு அறுத்தால் மறுபடி துளிர்க்கும். ஐரோப்பாவில் காட்டிலும் தோட்டத்திலும் வளரும் சைவ்ஸ் இதன் பங்காளிதான். அதையும் இப்படித்தான் அறுக்கிறார்கள்.

அழகுக்காகப் பல வீட்டு வாசல்களில் வைக்கும் ரெயின் லில்லி, பூக்காத நாளில் பார்வைக்கு வெங்காயத் தாள் போலவே இருக்கும். அது விஷம். வெங்காயத் தாள் உள்ளே குழலாக இருக்கும், கசக்கினால் வாடை அடிக்கும். லில்லியில் இரண்டும் இல்லை. இரண்டையும் ஒரே தொட்டியில் நடவே கூடாது. அவசரமாகக் குழம்புக்கு அறுக்கும் கைக்கு வித்தியாசம் தெரியாது.