முதலில் இடம், பிறகு கார்

நாகோயா

அன்புள்ள தம்பி கதிருக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பங்குனியில் நீ இங்கே வந்து சேரப் போகிறாய் என்று தெரிந்ததிலிருந்து உன் அத்தானுக்கும் பிள்ளைகளுக்கும் தலைகால் புரியவில்லை. மாமாவை எந்தெந்தக் கோயிலுக்கு, எந்தெந்த நூடுல்ஸ் கடைக்கு அழைத்துப் போவது என்று சின்னவள் இப்போதே பட்டியல் போட்டுவிட்டாள்.

வந்த கையோடு பழைய கார் ஒன்று வாங்கிவிட வேண்டும் என்று எழுதியிருக்கிறாய். பழைய கார் இங்கே சல்லிசாகக் கிடைப்பது உண்மைதான். ஆனால் காரைப் பார்க்கும் முன்னால் அதை நிறுத்தும் இடத்தைப் பார்க்க வேண்டும். இது என் யோசனை என்று நினைத்துவிடாதே. இந்த நாட்டுச் சட்டமே அப்படி. இடம் இருக்கிறது என்று போலீஸ் சான்றிதழ் கொடுத்தால்தான் கார் உன் பெயரில் பதிவாகும். அந்தச் சான்றிதழை ஷாகோ ஷோமெய் என்பார்கள். 660 சிசி கெய் கார் என்றால் கொஞ்சம் சலுகை உண்டு. வாங்கிய பிறகு போலீஸில் தெரிவித்தால் போதும். அதற்கும் இடம் இருந்தாக வேண்டும் என்பதில் மாற்றம் இல்லை.

அந்தச் சான்றிதழ் வாங்கும் வேலையை நீ ஒருமுறை செய்தால்தான் இந்த ஊரின் மனசு பிடிபடும். படிவத்தோடு இரண்டு வரைபடம் கொடுக்க வேண்டும். ஒன்றில் வீட்டையும் நிறுத்துமிடத்தையும் குறித்து, நடுவே நேர்கோடு இழுத்துத் தூரம் எழுத வேண்டும். 2 கிலோமீட்டரைத் தாண்டினால் செல்லாது. இன்னொன்றில் அந்த இடத்தின் நீளம், அகலம், எதிரே உள்ள தெருவின் அகலம், எல்லாம் மீட்டர் கணக்கில். உன் அத்தான் டேப்பின் ஒரு முனையைப் பிடித்துக்கொள்ள, மறுமுனையை நான் பிடித்துக்கொண்டு அளந்தோம். வாடகை இடம் என்பதால் இடத்துக்காரரின் சம்மதக் கையெழுத்தும் வேண்டியிருந்தது. கார் முழுசாக அதற்குள் அடங்க வேண்டும், வால் தெருவுக்கு நீளக்கூடாது. கட்டணம் இரண்டாயிரம் யென் சொச்சம்தான். ஆனால் போலீஸ்காரர் நேரில் வந்து பார்க்கக்கூடும் என்பதால் யாரும் வரைபடத்தில் கதை விடுவதில்லை. பொய்ச் சான்றிதழ் வாங்கினால் 2 லட்சம் யென் வரை அபராதம்.

எங்கள் இடம் வீட்டிலிருந்து நான்கு நிமிட நடை. கூரை கிடையாது, சரளைக் கல் கொட்டிய காலி மனை. மஞ்சளும் கறுப்புமாக முறுக்கிய கயிற்றைத் தரையோடு இழுத்து ஆணி அடித்துக் கட்டம் பிரித்திருக்கிறார்கள். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஓர் எண். பக்கத்துக் கட்டம் மாதக்கணக்கில் காலியாகக் கிடந்தாலும் யாரும் அதில் ஒரு சக்கரத்தைக்கூட வைக்க மாட்டார்கள். மழை நாளில் பிள்ளையையும் பைகளையும் சுமந்துகொண்டு அந்த நான்கு நிமிடம் நடப்பது சிரமம்தான், மறைக்கவில்லை. ஆனாலும் வீட்டு வாசல் தெரு காலியாக இருப்பதைப் பார்க்கும்போது அந்தச் சிரமம் எனக்குப் பெரிதாகத் தெரிவதில்லை.

நீ வந்து முதல் நாளே கவனிக்கப் போவது வேறொன்று. சூப்பர் மார்க்கெட்டுக்கு அழைத்துப் போகிறேன், பார். அத்தனை காரும் மூக்கை வெளியே நீட்டிக்கொண்டுதான் நிற்கும். எல்லோரும் ரிவர்ஸில்தான் உள்ளே விடுவார்கள். முதலில் இடத்தைத் தாண்டி முன்னே போய், மூக்கை ஒடித்து, ஹசார்டு விளக்கைப் போடுவார்கள். பின்னால் வருபவர் அதைப் பார்த்ததும் நின்றுவிடுவார். போன வாரம் ஒரு பாட்டி கெய் காரில் வந்தார். எழுபது தாண்டியவர்கள் ஒட்டிக்கொள்ளும் நான்கிலைச் சின்னம் பின்னால் இருந்தது. ஒருமுறை பின்னே எடுத்தார், கோணல். வெளியே வந்து மறுபடி எடுத்தார், இன்னும் கொஞ்சம் கோணல். மூன்றாவது முறை இரண்டு வெள்ளைக் கோட்டுக்கும் சரி நடுவில், பின்சக்கரம் கான்கிரீட் கட்டையில் தொட்டு நின்றது. அதுவரை அவருக்குப் பின்னால் மூன்று வண்டிகள் காத்திருந்தன. ஒரு ஹாரன் சத்தம் கேட்க வேண்டுமே! கடைசி வண்டியில் இருந்தவர் எஞ்சினை அணைத்துவிட்டே உட்கார்ந்திருந்தார்.

இதைப் பற்றி ஓர் ஆராய்ச்சியே உண்டு. அமெரிக்காவில் வர்ஜீனியா மாநிலத்தின் ஓல்ட் டொமினியன் பல்கலைக்கழகத்தில் ஷாவோமின் லி என்ற பேராசிரியர், எந்த நாட்டுக்காரர்கள் ரிவர்ஸில் நிறுத்துகிறார்கள் என்று பார்த்து, வரும்போது சிரமப்பட்டுக்கொண்டு போகும்போது சுலபமாகப் போகும் இந்தப் பழக்கத்துக்கும் நாட்டின் பொருளாதார வளர்ச்சிக்கும் சம்பந்தம் உண்டு என்று எழுதினார். படிக்கச் சுவையாக இருக்கிறது. என் மனசு ஒப்பவில்லை. கண்ணுக்கு முன்னால் வேறு காரணங்கள் கொட்டிக் கிடக்கின்றன. ஸ்டியரிங்குக்குத் திரும்புவது முன்சக்கரம்தான். அதனால் குறுகலான பாதையிலிருந்து ஒடுக்கமான கட்டத்துக்குள் பின்பக்கமாக நுழைவதுதான் சுலபம். இங்கே வீட்டை ஒட்டிய சந்துகள் நான்கு மீட்டர் இருந்தாலே பெரிசு. அதில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளும் சைக்கிளும் வரும்போது, பின்பக்கமாகக் குருட்டாம்போக்கில் வெளியே வருவதைவிட மூக்கை நீட்டிப் பார்த்து வருவது எவ்வளவோ மேல். போதாததற்கு, இங்கே டிரைவிங் ஸ்கூலில் ரிவர்ஸில் திருப்புவதையும் இரண்டு வண்டிக்கு நடுவே சொருகுவதையும் கற்றுத்தராமல் விடுவதே இல்லை.

அமெரிக்காவைப் பார். ஃபுளோரிடாவில் இருக்கும் நம் பெரியப்பா மகன் குடியிருக்கும் அபார்ட்மென்ட்டில் ரிவர்ஸில் நிறுத்தினால் காரை இழுத்துப் போய்விடுவார்களாம். அந்த மாநிலத்தில் காருக்கு முன்னால் நம்பர் பிளேட் கிடையாது. காவலுக்கு வருபவர் நம்பரைப் பார்க்க வேண்டுமானால் பின்பக்கம் பாதையைப் பார்த்து இருக்க வேண்டும். கட்டங்களும் அகலம், பாதையும் அகலம், கடையில் வாங்கிய மூட்டையை நேராக டிக்கியில் போடவும் வசதி. அவன் முன்பக்கமாக விடுகிறான் என்பதற்காக அவனைப் பொறுமை இல்லாதவன் என்று சொல்ல முடியுமா? பாரிஸில் முன்வண்டியையும் பின்வண்டியையும் பம்பரால் லேசாகத் தள்ளி இடம் பண்ணிக்கொள்வார்கள் என்கிறார்கள். நெருக்கமான பழைய நகரம், வண்டி நிற்பதெல்லாம் தெருவோரத்தில். அந்த ஊர் அப்படி ஒரு வழி கண்டுகொண்டது.

இங்கேயே சில இடங்களில் ‘முன்பக்கமாக நிறுத்துங்கள்’ என்று பலகை வைத்திருப்பார்கள். பின்னால் யாராவது வீட்டு ஜன்னல் இருக்கும், அல்லது செடி வைத்திருப்பார்கள். புகை அவர்கள் மேல் போகக்கூடாது என்பதற்காகத்தான். அங்கே மட்டும் அத்தனை பேரும் மறுபேச்சில்லாமல் மூக்கை உள்ளே விட்டு நிறுத்துவார்கள். நீயும் அந்தப் பலகையைத் தேடிப் பார்த்துவிட்டு நிறுத்து.

இப்போது உன் கடிதத்தில் என்னை உறுத்திய வரிக்கு வருகிறேன். “அவங்களுக்கு ஒழுங்கு ரத்தத்துலயே ஊறினது, நமக்கு வராதுக்கா” என்று எழுதியிருந்தாயே. அதை நான் ஒத்துக்கொள்ளவே மாட்டேன். ரத்தத்தில் ஊறியிருந்தால் சட்டம் எதற்கு? தெருக்களையே கொட்டகையாக்கிக் கார்களை ராத்திரியெல்லாம் நிறுத்திவைத்த காலம் இவர்களுக்கும் இருந்தது. அதற்காகத்தான் 1962-இல் இந்த இடச் சட்டத்தைக் கொண்டுவந்தார்கள். ஒரே இடத்தில் பகலானாலும் 12 மணி நேரம், ராத்திரியில் 8 மணி நேரம் தெருவில் வண்டியை விடக்கூடாது என்று அதில் எழுதினார்கள். அதற்கும் எல்லோரும் பணிந்துவிடவில்லை. 1991-இல் இன்னும் இறுக்கினார்கள். ஒசாகாவின் பெரிய சாலைகளில் இரண்டு வரிசையாகக் காரை விட்டுப் போவது நாடறிந்த தலைவலியாக இருந்தது. 2006 ஜூனில்தான் பச்சை உடுப்புக் கண்காணிப்பாளர்கள் தெருவில் இறங்கினார்கள். அதற்கு முன் போலீஸ்காரர் டயரில் சாக்பீஸால் கோடு போட்டு நேரம் எழுதிவிட்டுப் போய், திரும்ப வந்து பார்ப்பார். இப்போது இரண்டு பேர் சேர்ந்து வருவார்கள், படம் எடுத்து மஞ்சள் சீட்டை ஒட்டுவார்கள், அவ்வளவுதான். ஓட்டியவர் யார் என்று தெரியாவிட்டால் பணம் வண்டிக்காரர் தலையில் விழும். கட்டாமல் விட்டால் கட்டாயப் பரிசோதனையில் காரைப் புதுப்பிக்க முடியாது. அப்போதுதான் தெருக்கள் வெறிச்சோட ஆரம்பித்தன. இரண்டு மூன்று தலைமுறையின் உழைப்பும் கண்டிப்பும் இது. ரத்தம் என்று சொல்லிவிட்டால் அந்த உழைப்பையும் மறுக்கிறோம், நம் பொறுப்பையும் தட்டிக்கழிக்கிறோம்.

நம் ஊரில் என்ன குறைச்சல், சொல்? வாட்ச்மேன் பின்னால் நின்று காரைத் தட்டித் தட்டி, “வாங்க வாங்க, ஒடிங்க, போதும்” என்று விரல்கடை இடைவெளியில் நிறுத்திவிடுகிறார். அபார்ட்மென்ட்டில் குறுக்கே நிறுத்துபவர் நியூட்ரலில் போட்டு, கண்ணாடியில் போன் நம்பர் எழுதிவைத்துவிட்டுப் போகிறார், அடுத்தவர் தள்ளிக்கொள்ளட்டும் என்று. திறமையும் அனுசரணையும் நம்மிடம் ஏராளம். இல்லாதது இடம் எங்கே என்ற கேள்வியை வாங்கும்போதே கேட்கும் ஏற்பாடு. சிக்கிமில் வண்டியைப் பதிய நிறுத்துமிடச் சான்றிதழ் கேட்கிறார்கள். இந்தியாவில் நடக்காத காரியம் என்று யாரும் சொல்ல முடியாது. கேட்காத ஊரில்தான் ‘மீறினால் காற்று பிடுங்கப்படும்’ என்று வீட்டுக்கு வீடு பலகை தொங்குகிறது.

நான் இவ்வளவு சொல்வது அம்மாவுக்காக. போன முறை வந்தபோது அம்மாவோடு கடைத்தெருவுக்கு நடந்தேன். ஓரமெல்லாம் கார், உறை போட்டு மாதக்கணக்கில் அசையாத கார்கள் வேறு. முழங்கால் வலியோடு அம்மா நடுத்தெருவுக்கு இறங்கி, பின்னால் ஆட்டோ வரும்போதெல்லாம் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு இரண்டு வண்டிக்கு நடுவே ஒதுங்கினாள். அந்தக் கார்களில் ஒன்று நம் வீட்டுடையது. நீ உள்ளூரில் இருக்கும் இந்த மாதங்களிலாவது அதை வாடகைக்கு ஏதாவது ஒரு காலி மனை பார்த்து மாற்றிவிடு. வாடகை என்னவானாலும் நான் அனுப்புகிறேன்.

இன்னும் இரண்டு விஷயம், மறந்துவிடக்கூடாது என்பதால் எழுதுகிறேன். நிலநடுக்கம் வந்தால் காரை இடப்பக்கம் ஓரம்கட்டி நிறுத்த வேண்டும். விட்டுவிட்டு ஓட வேண்டி வந்தால் சாவியை உள்ளேயே வைத்து, கதவைப் பூட்டாமல் போகச் சொல்கிறார்கள். ஆம்புலன்ஸுக்கு வழி வேண்டுமென்றால் யார் வேண்டுமானாலும் அதை நகர்த்த முடிய வேண்டும் என்பதற்காக. இதைக் கேட்டபோது எனக்கு மெய்சிலிர்த்தது. வண்டி உன்னுடையதுதான், நிற்கும் இடம் எல்லோருக்கும் பொது என்பதை இதைவிடத் தெளிவாக யாரால் சொல்ல முடியும்?

இரண்டாவது, உயரம். உன் கம்பெனி பார்த்திருக்கும் குடியிருப்பில் எந்திர நிறுத்தம் இருந்தால் காரைத் தட்டில் ஏற்றி அடுக்கிவிடுவார்கள். பழைய எந்திரங்கள் பலவற்றில் 1.55 மீட்டருக்கு மேல் உயரமான வண்டி நுழையாது. இந்த அளவுக்கென்றே கார் கம்பெனிகள் வண்டியைத் தாழ்த்திச் செய்தன. ஹோண்டா ஒடிஸியின் 2003 மாடல் உயரம் சரியாக அதே 1.55 மீட்டர். அதனால் உயரமான வேன்மீது ஆசை வைத்துவிடாதே, முதலில் எந்திரத்தில் எழுதியிருக்கும் அளவைக் கேள்.

கிளம்பும் முன் ஆர்.டி.ஓ. ஆபீஸில் சர்வதேச ஓட்டுநர் அனுமதி எடுத்துக்கொள். இங்கே வந்த நாளிலிருந்து ஒரு வருஷம், அல்லது அந்த அனுமதி செல்லும் நாள் வரை, எது முன்னால் முடிகிறதோ அதுவரை அதை வைத்து ஓட்டலாம், அதற்குள் ஜப்பான் லைசென்ஸுக்கு மாறிவிட வேண்டும். வீட்டு முகவரி உறுதியானதும் உடனே எழுது. அந்த வட்டாரத்தில் மாத வாடகைக்குக் காலிக் கட்டம் இருக்கிறதா என்று அத்தானும் நானும் இப்போதே விசாரித்து வைக்கிறோம். நாகோயாவின் ஓரங்களில் ஏழெட்டாயிரம் யெனுக்குக் கிடைக்கும், நடு ஊரில் கூடுதலாகும். அம்மாவின் முழங்காலுக்குத் தைலம் அனுப்பியிருக்கிறேன், ராத்திரியில் நீயே தேய்த்துவிடு.

அன்புடன்,
உன் அக்கா
மீனா